‘பாஷை தெரியாத ஆள்’: அமெரிக்க ஆலை வாசலில் மொழியும் அதிகாரமும்

எல்லிஸ் தீவில் வந்திறங்கியவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்றுக்கு நேர்மையான பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. ‘உனக்கு இங்கே வேலை ஏற்பாடாகியிருக்கிறதா?’ ‘ஆமாம்’ என்றால் 1885ஆம் ஆண்டின் ஃபோரன் சட்டப்படி அவன் ஒப்பந்தக் கூலி; வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பப்பட வேண்டியவன். ‘இல்லை’ என்றால் அடுத்த வலை விரிக்கப்பட்டிருந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் ‘பொதுச் செலவில் சுமையாகக் கூடியவன்’ என்று யாரையும் நிறுத்திவைக்க அதிகாரிக்கு இடம் கொடுத்திருந்தது. வேலை இருக்கவும் கூடாது, இல்லாமல் போய்விடவும் கூடாது. 1909இல் தீவின் ஆணையர் வில்லியம் வில்லியம்ஸ், கையில் 25 டாலரும் போகுமிடத்துக்கான டிக்கெட்டும் இருக்க வேண்டும் என்று ஓர் அறிவிப்பையும் சேர்த்துக்கொண்டார். தென் இத்தாலியின் விவசாயக் கூலியிடம் 25 டாலர்!

ஆகவே பதிலைக் கப்பலிலேயே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தார்கள். ‘வேலை ஒண்ணும் பேசி வைக்கல, ஆனா செய்யத் தெம்பு இருக்கு, சித்தப்பன் மகன் இருக்கான்.’ பல பேருக்கு அமெரிக்க மண்ணில் முதலில் சொன்ன வாக்கியமே பாதிப் பொய். அதுவும் சொந்த வாயால் ஆங்கிலத்தில் சொன்னதல்ல; மொழிபெயர்ப்பாளனின் வாய் வழியாகப் பதிவேட்டில் ஏறியது. (பின்னாளில் நியூயார்க் மேயரான ஃபியரெல்லோ லா கார்டியா 1907 முதல் 1910 வரை அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்தான்.)

ஃபோரன் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்கள் முதலாளிகள் அல்லர். ‘நைட்ஸ் ஆஃப் லேபர்’ போன்ற தொழிலாளர் அமைப்புகள்தான் அதற்காகப் போராடின. வேலைநிறுத்தங்களை உடைக்க இத்தாலியர்களையும் ஹங்கேரியர்களையும் மொத்தமாக இறக்குகிறார்கள் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. இன்னும் பின்னே போனால், 1864இல் இதே அரசு, வருகிறவன் தன் பயணச் செலவுக்கு ஈடாக ஓராண்டுக் கூலிவரை அடமானம் வைக்கலாம் என்று சட்டம் போட்டு ஒப்பந்தக் கூலியை வரவேற்றிருந்தது. நான்கே ஆண்டில் அதை ரத்தும் செய்தது. ஒரு தலைமுறைக்குள் சட்டபூர்வமான உறவு குற்றமாகியது. ஆள் பிடிப்பது நிற்கவில்லை, எழுத்தில் இருந்தது வாய்ப்பேச்சாக மாறியது. வாய்ப்பேச்சு என்றால் யார் வாய், எந்த மொழி என்ற பிரச்சினை வந்துவிடுகிறது.

புலம்பெயர்ந்தவனின் முதல் வேலையைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக ஒரு கதை சொல்லப்படுகிறது. வந்தான், ஆங்கிலம் தெரியவில்லை, அதனால் கஷ்டப்பட்டான், பிறகு கற்றுக்கொண்டான், முன்னேறினான். மொழியறியாமை இந்தக் கதையில் ஒரு தனிமனிதக் குறைபாடு. உழைப்பால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கடன். 1880களிலிருந்து 1920கள் வரையிலான அமெரிக்கத் தொழிற்சாலைகளின் வரலாறு இந்தக் கதையை அப்படியே ஏற்றுக்கொள்ள விடுவதில்லை. ஆங்கிலம் தெரியாதவனுக்கு அங்கே வேலை சீக்கிரமாகவே கிடைத்தது, சில இடங்களில் இறங்கிய மறுநாளே. உலைக்கு முன்னால், சுரங்கத்துக்கு அடியில், சாயத் தொட்டியின் ஓரத்தில். அந்த இடங்களுக்கு அவனுடைய ஊமைத்தனமே ஒரு தகுதியாகக் கணக்கிடப்பட்டது.

மிகையாகச் சொல்லவில்லை. பொருளாதார அறிஞர் ஜான் ஆர். காமன்ஸ் 1904 வாக்கில் சிகாகோவில் ஸ்விஃப்ட் இறைச்சிக் கம்பெனியின் ஆள் எடுக்கும் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வெளுத்த தலைமுடிக்கார ஸ்வீடன்காரர்கள். ‘இந்த வாரம் இவர்கள் மட்டும்தானா?’ என்று கேட்டதற்கு ஏஜெண்ட் ஒளிவுமறைவில்லாமல் விளக்கியிருக்கிறார்: போன வாரம் ஸ்லோவாக்கியர், இந்த வாரம் இவர்கள். தேசத்தையும் மொழியையும் மாற்றி மாற்றி எடுத்தால் ஒன்று சேர மாட்டார்கள். காமன்ஸ் தன் சுயசரிதையில் இதைப் பதிவு செய்கிறார். காமன்ஸ் ஒன்றும் புரட்சிக்காரர் இல்லை, குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கட்சிதான். அதனாலேயே இந்தச் சாட்சியம் முக்கியமாகிறது.

பக்கத்து மேசைக்காரனோடு பேச முடியாதபடி ஆட்களை அடுக்குவது நிர்வாகத் தொழில்நுட்பங்களில் ஒன்று. இயந்திரத்தை எங்கே நிறுத்துவது என்பதைப் போலவே போலந்துக்காரனை எங்கே நிறுத்துவது என்பதும் யோசிக்கப்பட்டது. 1907இல் அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த டில்லிங்ஹாம் கமிஷன், 1911இல் 41 தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டபோது தொழில்வாரியாக, இனவாரியாக, ‘ஆங்கிலம் பேசத் தெரிந்தவர் சதவீதம்’ என்று அட்டவணை போட்டுத் தள்ளியது. ஆலை எதை உற்பத்தி செய்ததோ அதையே கமிஷன் இனத்தின் இயல்பாக எண்ணிக் காட்டியது. நாள் முழுக்க ஸ்லோவாக்கியனோடு ஸ்லோவாக்கியனை நிறுத்தி, இரவில் பத்துப் பேர் தங்கும் கூடத்தில் படுக்கவைத்து, ‘இவர்கள் ஆங்கிலம் கற்பதில்லை’ என்று எழுதினால் எப்படி?

முதல் வேலைக்கும் வந்தவனுக்கும் நடுவில் ஒருவன் இருந்தான். இத்தாலியர் அவனை ‘பத்ரோனே’ என்றார்கள். நமக்கு விளக்கமே தேவையில்லை, கங்காணி. ஆள் சேர்ப்பவன், முன்பணம் தருபவன், கூலியில் பிடித்துக்கொள்பவன், ரயில்பாதை முகாமில் கடை வைத்துப் பழைய ரொட்டியை இரட்டை விலைக்கு விற்பவன், ஊருக்குப் பணம் அனுப்பும் ‘வங்கி’யும் அவனே. வேலை வாங்கித் தருவதற்கான தரகுக்கு ‘பொஸ்ஸாத்தூரா’ என்று ஒரு பெயரே இருந்தது. அவனுடைய மூலதனம் பெரும்பாலும் பணமல்ல. இரண்டு மொழிகள். அமெரிக்க கான்ட்ராக்டரோடு பேச ஓர் ஆங்கிலம், தன் ஊர்க்காரனோடு பேச அவனுடைய வட்டார மொழி. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குத்தான் வாடகை வசூலித்தான். ஊர்க்காரன் ஆங்கிலம் கற்றுக்கொண்டால் அவன் பிழைப்பு போச்சு.

எல்லைக்கு வடக்கே கனடாவிலும் இதே கதை, இன்னும் கோலாகலமாக. மாண்ட்ரியலில் அந்தோனியோ கோர்டாஸ்கோ என்பவர் கனடியன் பசிபிக் ரயில்வேக்கு இத்தாலியத் தொழிலாளர்களைத் திரட்டித் தரும் ஏஜெண்ட். 1904 ஜனவரியில் ஊர்வலம் நடத்தி, தலையில் கிரீடம் வைத்து, இத்தாலியத் தொழிலாளர்களின் ‘ராஜா’வாகத் தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்டார். அந்த வசந்தத்தில் அவருடைய விளம்பரத்தையும் வாக்கையும் நம்பி ஆயிரக்கணக்கானோர் மாண்ட்ரியலில் வந்து குவிய, வேலை இல்லை. பதிவுக் கட்டணம் கட்டியவர்கள் தெருவில் நின்றார்கள். அந்த ஆண்டே ராயல் கமிஷன் விசாரணை நடந்தது. விசாரணையில் கோர்டாஸ்கோவின் பேராசை நன்றாகவே அம்பலப்பட்டது. ரயில்வேக்கு ஏன் அப்படிப்பட்ட ஓர் ஆள் தேவைப்பட்டார் என்ற கேள்வி அந்த அளவுக்குக் குடையப்படவில்லை. நம் ஊரிலும் கங்காணியைத் திட்டித் தீர்த்துவிட்டுத் தோட்டக் கம்பெனியை விட்டுவிடும் எழுத்து நிறைய உண்டு.

நகரத்துக்குள் இடைத்தரகன் வேறு உருவம் எடுத்தான். நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் ஹெஸ்டர் தெருவில் யூதர்கள் ‘பன்றிச் சந்தை’ என்று கேலியாக அழைத்த இடம் ஒன்று இருந்தது. பன்றியைத் தவிர எல்லாம் கிடைக்கும், ஆள் உட்பட. சின்னத் தையல் கடைக்காரன் வந்து, புதிதாக இறங்கிய பச்சைப் பயலைப் பார்த்துப் பேரம் பேசிக் கூட்டிப்போவான். பேரம் இத்திஷ் மொழியில் நடக்கும். இங்கே மொழி தடையே அல்ல; தாய்மொழியில்தான் சுரண்டல். முதல் சில வாரங்கள் ‘தொழில் பழகுற காலம்’, கூலி கிடையாது. சொந்தக்காரன், ஒரே ஊர்க்காரன் என்ற உறவு இருப்பதால் கேட்கவும் முடியாது. மொழி ஒன்றானால் நியாயம் வந்துவிடும் என்று நினைக்கிற நம் தேசியவாதிகள் ஹெஸ்டர் தெருவைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

உருக்கு ஆலைகளில் காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். ஃபோர்மேன் வந்து தோளையும் கையையும் பார்த்து விரலை நீட்டுவான். பேச்சே கிடையாது. உள்ளே இருக்கும் உறவினன் ஃபோர்மேன் கையில் ஏதாவது வைத்திருந்தால் விரல் சரியான ஆளை நோக்கி நீளும். வேலைக்குப் போனபின் ஆபத்து என்று கத்துகிற சத்தம் எந்த மொழியில் வரும்? பென்சில்வேனியாவின் அலிகெனி கவுண்டியில் 1906 ஜூலை முதல் ஓராண்டில் வேலையிடத்தில் செத்தவர்கள் 526 பேர். கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற பெண் வழக்கறிஞர் ஒவ்வொரு சாவையும் தேடிப் போய் விசாரித்து 1910இல் புத்தகமாக்கினார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று கம்பெனிகள் சொல்லிவந்ததை அந்த விசாரணை தாக்குப்பிடிக்க விடவில்லை.

*

இதுவரை சொன்னது மொழியின்மையைப் பயன்படுத்திக்கொண்ட கட்டம். அடுத்து, மொழியைக் கற்பிக்கும் கட்டம் வருகிறது. தாராளவாதிகள் இதைத்தான் வெளிச்சம் என்று கொண்டாடுவார்கள்.

1913இல் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டு தன் ஓடும் அசெம்பிளி வரிசையை நிறுவினார். அந்த ஆண்டு அங்கே ஆள் மாறும் விகிதம் 370 சதவீதம். சுமார் 14,000 பேரை வைத்திருக்க 52,000 பேருக்குமேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. வந்தவன் நாலு நாள் பார்ப்பான், போய்விடுவான். ஒரு சங்கமும் கட்டவில்லை, ஒரு கோஷமும் போடவில்லை, காலாலேயே வாக்களித்தான். இதற்குப் பதிலாகத்தான் 1914 ஜனவரி 5 அன்று ‘நாளுக்கு ஐந்து டாலர்’ அறிவிக்கப்பட்டது. உலகம் வியந்தது. ஆனால் சாதாரணத் தொழிலாளிக்குக் கூலி 2.34 டாலர்தான், மிச்சம் ‘லாபப் பங்கு’. பங்கு வேண்டுமென்றால் ஒழுங்காக வாழ வேண்டும். ஒழுங்கைப் பரிசோதிக்க ‘சமூகவியல் துறை’ என்று ஒரு துறை. அதன் ஆய்வாளர்கள் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். சேமிப்பு எவ்வளவு, குடிக்கிறானா, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறானா, அடுப்படி சுத்தமா? சிறையிலிருந்து அமெரிக்கவியம் பற்றி எழுதிய கிராம்ஷி, தொழிலாளியின் அந்தரங்க வாழ்வுக்குள் முதலாளி நுழையும் இந்த முயற்சியைப் புதுவகை மனிதனை உற்பத்தி செய்யும் முயற்சியாகவே வாசித்தார். அறிவிப்பு வந்த அதே மாதம், தங்கள் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் கொண்டாட ஒரு நாள் வராமலிருந்த கிரேக்க, ரஷ்யத் தொழிலாளர்கள் எண்ணூறு தொள்ளாயிரம் பேர் நீக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் வாழ்ந்தால் அமெரிக்க விடுமுறைதான்.

அன்றைய ஹைலண்ட் பார்க்கில் சுமார் 71 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், 22 தேசியக் குழுக்கள். ஆரம்பத்தில் மொழியைக் கற்க வேண்டியிருந்தது மேற்பார்வையாளன்தான். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்பதை ஆங்கிலம், ஜெர்மன், போலிஷ், இத்தாலியன் எல்லாவற்றிலும் ஒவ்வொரு ஃபோர்மேனும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று அங்கே ஃபோர்மேனாக இருந்த வில்லியம் கிளான் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஒரு சொல் போதும். இலங்கைத் தோட்டங்களின் சின்னத் துரைகளுக்காக அச்சடித்த தமிழ்க் கையேடு ஒன்றின் தலைப்பு ‘இங்கே வா’ என்பது இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. அதிகாரம் அடுத்தவன் மொழியில் முதலில் கற்பது ஏவல் வினைதான்.

1914லேயே ஃபோர்டு ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த பீட்டர் ராபர்ட்ஸ் வகுத்த முறையில் பாடங்கள். காலையில் எழுவது, முகம் கழுவுவது, சாப்பிடுவது, வேலைக்குப் போவது. வகுப்பு வேலை நேரத்துக்கு வெளியே, அதற்குக் கூலி கிடையாது, சொல்லிக்கொடுப்பவர்களும் கம்பெனி ஆட்களே. வர விருப்பமில்லை என்றால்? சமூகவியல் துறையின் தலைவராக இருந்த சாமுவேல் மார்க்விஸ் பாதிரியார் இதற்கு வெகு நாகரிகமாகப் பதில் சொன்னார்: கல்வியின் நன்மைகளை எடுத்துச் சொல்வோம், அப்படியும் தயங்கினால், இடையூறு இல்லாமல் உட்கார்ந்து யோசிக்க அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுப்போம். அநேகமாக எல்லாரும் யோசித்து மனம் மாறிவிடுகிறார்களாம்! பாதிரியாரின் நகைச்சுவை.

பட்டமளிப்பு விழா இன்னும் விசேஷம். மேடையில் பிரம்மாண்டமான ஒரு பானை. பின்னால் கப்பலின் படம், அதிலிருந்து இறங்கும் படிக்கட்டு. தொழிலாளர்கள் தங்கள் நாட்டு உடையில், கையில் மூட்டையோடு இறங்கிப் பானைக்குள் போவார்கள். ஆசிரியர்கள் நீண்ட அகப்பைகளால் கிண்டுவார்கள். மறுபக்கம் அதே ஆட்கள் கோட்டும் சூட்டும் போட்டு, சின்ன அமெரிக்கக் கொடியை ஆட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். ‘உருக்கும் கலம்’ என்ற சொல் 1908இல் இஸ்ரேல் சாங்வில்லின் நாடகத்தால் பிரபலமாகியிருந்தது. நாடகத்தில் உருவகமாக இருந்ததை ஃபோர்டு பலகையடித்துப் பானையாகவே கட்டிவிட்டார். சமைப்பவனும் சாப்பிடுபவனும் யார் என்று மட்டும் மேடையில் காட்டவில்லை.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற விவசாய இயந்திரக் கம்பெனியின் முதல் ஆங்கிலப் பாடத்தை வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் 1973இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டுகிறார். சங்கு ஊதுகிறது, நான் அவசரப்பட வேண்டும் என்பதில் தொடங்கி, உடை மாற்றுவது, வேலை தொடங்குவது, சங்கு ஊதும்வரை வேலை செய்வது, இடத்தைச் சுத்தமாக விட்டுப் போவது என்று முடிகிற பாடம். இதில் ‘கூலி எவ்வளவு?’ என்ற வாக்கியம் இல்லை. ‘கை வெட்டுப்பட்டுவிட்டது’ இல்லை. ‘ஏன்?’ என்ற சொல்லே இல்லை. கேள்வி கேட்கத் தேவைப்படாத ஓர் ஆங்கிலம் அவனுக்காகவே தயாரிக்கப்பட்டது. ‘அரைகுறை ஆங்கிலம்’ என்று நாம் சொல்வதில் அரை எது, குறை எது என்பதை யார் தீர்மானித்தார்கள் என்று இந்தப் பாடத்தை வாசித்தால் தெரியும்.

அதற்காக, ஆங்கிலம் கற்றதெல்லாம் ஏமாற்று என்று தூக்கியெறிந்துவிடவும் முடியாது. சாயங்காலம் பத்து மணிநேர வேலை முடித்து வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டியவர்களுக்கு அது தேவைப்பட்டது. பத்ரோனேயின் கையிலிருந்து தப்ப அது ஒரு வழி. 1906ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக்கு ஆங்கிலம் பேசுவதைக் கட்டாயமாக்கியிருந்ததால் ஓட்டுரிமைக்கும் அதுவே வழி. ஆனால் முதலாளி கற்றுக்கொடுத்ததற்கும் இவர்கள் கற்றுக்கொண்டதற்கும் நடுவில் இழுபறி இருந்திருக்கிறது. அந்த இழுபறியின் ஆவணங்கள் குறைவு, ஏனென்றால் பதிவேடு முதலாளியின் மொழியில் இருந்தது.

*

இதுவரை ‘அவன்’, ‘அவன்’ என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அது ஆவணங்களின் ‘அவன்’. லாரன்ஸ் நகரத்துக்கு வரும்போது அது தாங்காது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நெசவாலை நகரம் லாரன்ஸ். 1912 ஜனவரி 1 முதல் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வார வேலை நேரம் 56 மணியிலிருந்து 54 ஆகக் குறைக்கப்பட்டது. ஆலைகள் கூலியையும் அதற்கேற்பக் குறைத்தன. வாரத்துக்கு ஏறக்குறைய 32 சென்ட், சில ரொட்டிகளின் விலை. ஜனவரி 11 அன்று எவரெட் ஆலையில் போலந்துப் பெண்கள் கூலி உறையைப் பிரித்துப் பார்த்தார்கள், தறிகளை நிறுத்திவிட்டு வெளியே நடந்தார்கள். குறைந்திருக்கிறது என்பதை அறிய ஆங்கிலம் தேவைப்படவில்லை. மறுநாள் மற்ற ஆலைகள். விரைவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜான் கோல்டனின் நெசவாளர் சங்கம் ஆங்கிலம் பேசும் தேர்ந்த தொழிலாளர்களின் சங்கம். மொழி தெரியாத இந்தக் கும்பலைத் திரட்ட முடியாது, திரட்டவும் வேண்டாம் என்பது அவர்கள் கணிப்பு; வேலைநிறுத்தத்தை எதிர்த்தார்கள். திருப்பூரிலும் சென்னையின் கட்டட வேலைத்தளங்களிலும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசி வேலை செய்கிறவர்களைப் பற்றி நம் சங்கத் தோழர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ‘பாஷை தெரியாதவங்க, எப்படித் தோழர் கூட்டம் போடறது?’ கோல்டனின் வாக்கியம்தான்.

ஐ.டபிள்யூ.டபிள்யூ. அனுப்பிய ஜோசப் எட்டோருக்கு இத்தாலியன் உட்படச் சில மொழிகள் தெரியும். எல்லா மொழியும் தெரிந்த ஒரு தலைவனைத் தேடாமல், ஒவ்வொரு தேசிய இனத்திலிருந்தும் பிரதிநிதிகள் என்று வேலைநிறுத்தக் குழுவை அமைத்தார்கள். கூட்டங்களின் பேச்சு இருபத்தைந்துக்கும் குறையாத மொழிகளில் பெயர்க்கப்பட்டதாகச் சொல்வார்கள். இதை நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். ஒரு தீர்மானம் இத்தாலியனில், போலிஷில், லிதுவேனியனில், சிரிய அரபியில், பிரெஞ்சில், இன்னும் பலவற்றில். நேரம் ஆகும். எரிச்சல் வரும். யாரோ ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்வார், மறுபடி சொல்ல வேண்டும். ஒரே மொழியில் ஒருவன் முழங்கி மற்றவர்கள் கைதட்டும் அரசியலைவிட இது மந்தமானது. ஆனால் மொழிபெயர்த்தால் ஒழிய நகராத கூட்டத்தில் தலைவனால் தன்னிச்சையாக ஓட முடியாது. ஸ்விஃப்ட் கம்பெனியின் ஏஜெண்ட் எதைச் சுவர் என்று நினைத்தானோ அதையே இவர்கள் கூடும் முற்றமாக்கினார்கள். ஆலை முன் நிற்கக் கூடாது என்று தடை வந்தபோது நிற்காமல், ஆயிரக்கணக்கில் ஆலைகளைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார்கள். அதற்கும் மொழி வேண்டியதில்லை.

ஜனவரி 29 அன்று அன்னா லொபிஸோ என்ற இத்தாலியப் பெண் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். அந்த இடத்திலிருந்து மைல்கள் தள்ளியிருந்த எட்டோரும் கவிஞர் ஜொவானிட்டியும் கைதானார்கள், நவம்பரில்தான் விடுதலை. பட்டினியிலிருந்து காப்பாற்ற வெளியூருக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளையும் தாய்மார்களையும் பிப்ரவரி 24 அன்று ரயில் நிலையத்தில் போலீஸ் அடித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. மார்ச் 14 அன்று உடன்பாடு. 5 முதல் 25 சதவீதம் வரை கூலி உயர்வு, மிகக் குறைந்த கூலிக்காரருக்கே மிக அதிக சதவீதம். அமெரிக்கன் வுலன் கம்பெனியின் தலைவர் வில்லியம் வுட், அசோர்ஸ் தீவிலிருந்து வந்த போர்ச்சுகீசியத் தொழிலாளி ஒருவரின் மகன் என்பதையும் சொல்லிவைக்கலாம். குடும்பப் பெயர் ஆங்கிலமாகியிருந்தது. வெற்றி நீடிக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் உளவாளிகளும் வேலைக் குறைப்புமாகச் சங்கம் கரைந்துபோனது. 1912 அக்டோபரிலேயே ‘கடவுளுக்காக, நாட்டுக்காக’ என்று கொடிகளோடு ஊர்வலம் விட்டு நகரம் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொண்டது.

வேலைநிறுத்தத்தின்போது வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னவர்களில் கமெல்லா தியோலி என்ற பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. இத்தாலியக் குடும்பம். தனக்கு முதல் வேலை கிடைத்த கதையைச் சொன்னாள். ஓர் ஆள் வீட்டுக்கு வந்து, ‘பொண்ணு ஏன் வேலைக்குப் போகல?’ என்று அப்பாவிடம் கேட்டான். அவளுக்கு வயது பதின்மூன்றா பதினான்கா தெரியவில்லை என்றார் அப்பா. நாலு டாலர் கொடு, ஊரிலிருந்து பதினான்கு என்று காகிதம் வரவழைத்துத் தருகிறேன் என்றான். கொடுத்தார். காகிதம் வந்தது. ஆலையில் இயந்திரம் அவள் முடியைப் பிடித்து இழுத்து உச்சந்தலைத் தோலைப் பிய்த்துவிட்டது. ஏழு மாதம் ஆஸ்பத்திரியில். கம்பெனி வைத்தியச் செலவைக் கட்டியது, அந்த மாதங்களுக்குக் கூலி தரவில்லை. குடியரசுத் தலைவர் டாஃப்டின் மனைவி அந்த விசாரணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி.

1970களில் ஒரு பத்திரிகையாளர் லாரன்ஸுக்குப் போய் அவளுடைய மகளைத் தேடிப் பிடித்தார். கமெல்லா அப்போது உயிரோடு இல்லை. தாயின் தலையில் முடி முளைக்காத அந்த இடம் மகளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் தலை வாரி, அது வெளியே தெரியாமல் கொண்டை போட்டுவிட்டவள் அவள்தான். அம்மா வாஷிங்டனுக்குப் போய்ப் பேசியவள் என்பது அவளுக்குத் தெரியாது.